வைடு லென்ஸும் ஆறுமுகம்பிள்ளையின் இங்கிலீஷும்

கொல்லம் 1129 ஆவணி 5, வெள்ளி

காலையில் சாரல். பத்து மணிக்கு மேல் வெயில்.

எழுதாமல் விட்டால் மறந்துபோகும் என்று பார்த்தேன். ஊர் மறக்காது. ஆகவே நானே எழுதிவிடுகிறேன். நேற்று ஒழுகினசேரிக் கல்யாணத்தில், காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி, நின்றுகொண்டே தூங்கிப்போனேன்.

தூக்கத்தோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குறட்டை. பெண், மாப்பிள்ளை, இரண்டு வீட்டார், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அசையக் கூடாது என்று அதட்டியவன் நான். ஒருவரும் அசையவில்லை. பெண்ணின் சித்திதான் கடைசியில் வாயைத் திறந்தாளாம்: "அந்தப் பெட்டிக்கு என்னமோ தீனம் போலிருக்கு. கொர்ருகொர்ருண்ணு இழுக்குது."

மாப்பிள்ளையின் அண்ணன் வந்து துணியைத் தூக்கினான். உள்ளே நான். வாய் திறந்தபடி.

காரணங்கள்: பாலடைப் பிரதமன் (பாயசத்தை மூன்று முறை கேட்டு வாங்கியது). சாப்பாட்டுக்குப் பிறகுதான் படம் என்று அவர்கள் அடம் பிடித்தது. துணிக்குள் வெக்கை, என்னுடைய பழைய வியர்வை நாற்றம். எல்லாவற்றுக்கும் மேலே, லென்ஸ்.

என் பித்தளைக் குழாய் லென்ஸ் தனி முகம் எடுப்பதற்கென்று பிறந்தது. ஒற்றை ஆள் என்றால் மெழுகை வழித்ததுபோல் கொடுக்கும். கூட்டம் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர்; அதற்கு மேல் அதன் கண்ணுக்கு எட்டாது. மற்றவர்களும் விழ வேண்டுமென்றால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். கல்யாண வீடுகளில் பின்னால் என்பது எது? சுவர். கிணறு. எச்சில் இலைக் குழி. நேற்று இலைக் குழிதான். முக்காலியின் ஒரு கால் அவியலில் நின்றது. ஈ மொய்த்தது காமிராவையா என்னையா என்று சொல்ல முடியாது.

வீட்டுக்காரி பொன்னம்மை: "ஒறங்கணும்ணா வீட்டுல கெடந்து ஒறங்கப்பிடாதா? அதுக்குக் கட்டணம் வாங்கிக்கிட்டு ஊர்ல போயா ஒறங்கணும்?"

அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

ஆவணி 8, திங்கள்

மழை இல்லை. கடைவாய்ப் பல் வலி. கிராம்பு. பயனில்லை.

கடைக்கு பூதப்பாண்டி ஆறுமுகம்பிள்ளை வந்தார் (இனி ஆ.பி.; மை மிச்சம்). அஞ்சலாபீசில் மாஸ்டராக இருந்தவர். திருவிதாங்கூர் அஞ்சலை இந்தியத் தபாலோடு சேர்த்தபோது அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அஞ்சலாபீஸ் அவரை விட்டு இறங்கவில்லை. எதைக் கையில் கொடுத்தாலும் தூக்கி நிறை பார்ப்பார். என் மாதிரிப் படங்களைக் கொடுத்தேன். அவற்றையும் நிறை பார்த்தார்.

பிறகு என் விரல்களைப் பார்த்தார். பத்து நகமும் கறுப்பு. மருந்துக் கறை, இனிப் போகாது. பந்தியில் என் பக்கத்து இலைக்கு ஆள் யோசித்துத்தான் உட்காரும். "கழுவுகது இல்லியா வேய்?" என்று மூக்கைச் சுளித்தார். நான் அவருடைய மூக்குப்பொடிக் கைக்குட்டையைப் பார்த்துச் சுளித்தேன். அது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கலாம்.

விஷயம்: செத்துப்போன தம்பியின் மகள் கோமதிக்குக் கல்யாணம். 25ஆம் தேதி வியாழன். மாப்பிள்ளைக்கு பம்பாயில் மில் ஆபீஸ் வேலை. முடிந்த மூன்றாம் நாள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவான். இரண்டு வீட்டாரும், எழுபது தலை, ஒரே படத்தில் வேண்டும்.

"ஒருத்தன் விட்டுப் போனாலும் சம்பந்தி மொகம் திரிஞ்சு போவும். உம்மால ஒக்காதுண்ணா இப்பமே சொல்லும். வடசேரிப் படக்காரனப் பாத்துக்கிடுதேன். அவன் ஒறங்க மாட்டான்."

எட்டு மைல் தாண்டிப் போயிருக்கிறது என் குறட்டை.

முடியும் என்றேன். யார் எங்கே என்று சொல்ல ஆரம்பித்தார். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், வலது கையில் தான், பிறகு சம்பந்தி, பிறகு ஓய்வுபெற்ற தாசில்தார், தாசில்தாருக்கு ஒரு மச்சினன். பெண்ணின் அம்மை எங்கே என்று கேட்டேன். சாப்பிடுகிற இலையில் நான் எதையோ எடுத்துப் போட்டதுபோல் பார்த்தார். நாகம்மை தாலியறுத்தவளாயிற்றே, அவள் எப்படி முன்னால் வருவாள், அடுக்களையில் அவளுக்கு வேலை இருக்கும் என்று விளக்கினார். விளக்கிவிட்டு ஒரு சிட்டிகை பொடி போட்டார். தும்மல். என் மேஜை மேல்.

ஆவணி 9, செவ்வாய்

பூதப்பாண்டி போனேன். பஸ்ஸில் கோழிக்கூடையும் நானும் ஒரே இருக்கை. கோழி ஜன்னல் ஓரம்.

இடம் பார்த்தேன். முற்றம் நீளம் உண்டு, ஆழம் இல்லை. முன்னால் அரங்கு என்கிற உள்ளறையின் வாசல், இடது பக்கம் அடுக்களை வாசல், எதிரே தொழுவம். பித்தளைக் குழாயோடு எழுபது பேரைப் பிடிக்க வேண்டுமானால் நான் தொழுவத்தைத் தாண்டி, பக்கத்து வீட்டு உரக்குழிக்குள் நிற்க வேண்டும். முயன்று பார்த்தேன். இடது கால் கணுக்கால்வரை போயிற்று. எருமை என்னைப் பார்த்த பார்வை ஆ.பி.யுடையதுபோலவே இருந்தது.

கால் கழுவ வெள்ளம் கொண்டுவந்தது கல்யாணப் பெண். கோமதி. மெலிந்த உடம்பு, துருதுரு கண். செம்பைத் தந்துவிட்டுப் போகவில்லை.

"மாமா, அந்தப் படத்துல அம்மையும் விழணும்."

பெரியப்பாவிடம் கேள் மக்கா என்றேன்.

"பெரியப்பாகிட்ட கேக்க முடியும்ணா உங்ககிட்ட எதுக்குக் கேக்கேன்?"

காலைத் தேய்த்துக் கழுவினேன். அவளே பேசினாள். அப்பாவுக்குச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது. அம்மைக்கு ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தன்று எடுக்கவில்லை, பிறகு எடுக்க யாரும் நினைக்கவில்லை, அப்பா போனபின் கேட்கவே வழியில்லை. நாகர்கோவில் வந்தால் தனியாக எடுத்துத் தருகிறேனே என்றேன்.

"கேட்டாச்சு. 'நான் செத்த பொறவு நாக்காலியில கெட்டி வச்சு எடுங்கட்டி'ண்ணுட்டா." செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "பம்பாய்க்குப் போனா எப்பம் வருவேண்ணு ஆருக்குத் தெரியும். மொகம் மறந்து போச்சுண்ணா?"

அடுக்களை வாசலில் ஒரு வெள்ளைச் சேலை. முகம் தெரியவில்லை, உள்ளே புகை. பாத்திரம் துலக்குகிற சத்தம் மட்டும் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது யோசனை. அடுக்களை வாசல் இடது ஓரம். லென்ஸ் மட்டும் போதுமான அகலமாக இருந்தால் அவள் அங்கே தன் வாசலில் நிற்க வேண்டியதுதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆ.பி. திரும்பிப் பார்க்கமாட்டார், காமிராவைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதாது. பிரதி கையில் வந்தபிறகு என்ன செய்வார், கரண்டியை வைத்துச் சுரண்டுவாரா?

கால் இன்னும் நாறுகிறது.

ஆவணி 10, புதன்

திருவனந்தபுரம். ஓணம் கழிந்தும் காமிராக் கடைக்காரருக்கு மயக்கம் தெளியவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தே தூங்கினார். குறை சொல்ல எனக்கு யோக்கியதை ஏது.

மூன்று லென்ஸ் எடுத்து வைத்தார்.

ஒன்று: நீளமானது, பளபளப்பு. அழகு. என் பித்தளைக் குழாயின் பணக்காரத் தங்கை. வேண்டாம்.

இரண்டு: நடுத்தரம். நாற்பது பேர் விழுவார்கள். உள்ளே பூஞ்சை. சிலந்தி வலைபோல் நரம்பு நரம்பாக ஓடியிருக்கிறது. "அது ஒண்ணும் செய்யாது, நல்லா தொடச்சா போவும்" என்று சொல்லி வெற்றிலை போட்ட வாயால் அதன்மேல் ஊதினார். சிவப்பாக இரண்டு துளி. இந்தக் கண்ணாடியால் ஒரு பெண்ணைக் கல்யாணக் கோலத்தில் பார்ப்பதா? குமட்டியது.

மூன்று: குட்டி, கறுப்பு, குண்டு. மலைத் தோட்டத்து துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுப் போனதாம். அதைக் காமிராமுன் கையால் பிடித்துப் பின்பக்க மங்கல் கண்ணாடியில் பார்த்தேன். கடை முழுக்கத் தெரிந்தது, தலைகீழாக. தெருவும் தெரிந்தது. தெருவில் போன மாடும் தெரிந்தது. ஒரே குறை, ஓரத்தில் இருப்பதைப் பிடித்து இழுக்கிறது. ஓரத்தில் நின்ற கடைக்காரர் பலாப்பழம் ஆனார். அவருக்கு அது பெரிய மாறுதல் இல்லை.

வாங்கிவிட்டேன். வலது ஓரத்துக்கு ஆ.பி.யைத் தள்ளிவிட்டால் அவரும் பலாப்பழம் ஆவார். இடது ஓரத்தில் நாகம்மை. மெலிந்த பிறவி, கொஞ்சம் இழுத்தால் தோஷமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர் என் தோளில் தூங்கினார். குறட்டை. உலகமே என்னைக் கேலி செய்கிறது.

ஆவணி 13, சனி

காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் கிளம்பி நேரே என் கடைக்குள் வருகிறது. மண்.

புது லென்ஸ் சும்மா காமிராவில் உட்காராது. அதன் அளவுக்கு ஓட்டை போட்ட தனிப் பலகை வேண்டும். மாணிக்கம் ஆசாரியிடம் தேக்குத்துண்டு ஒன்றைக் கொடுத்தேன். ஒரு மயிரிழை பிசகினாலும் வெளிச்சம் உள்ளே வரும் என்றேன். "அப்பம் நாளாகும்" என்றான். பிசகினாலும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

சாயங்காலம் பழைய கல்யாணப் பிளேட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். வெள்ளைச் சேலை கட்டினவள் ஒருத்தியாவது கூட்டத்தில் இருந்தால் கறுப்பாக எழுந்து நிற்பாள். தேடினேன். கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளைமாரின் வேட்டி. நாஞ்சில் நாட்டில் இத்தனை வருஷமாக நான் படம் பிடித்த வீடுகளில் ஒருவனுக்கும் சாவே வரவில்லை என்றுதான் பார்க்கிறவன் நினைப்பான்.

கடைக்குள் அடித்த நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று பிறகு தெரிந்தது. படம் கழுவும் ஹைப்போத் தொட்டியில் பல்லி.

ஆவணி 17, புதன்

என் நாக்கை வெட்டி அந்த ஹைப்போத் தொட்டியிலேயே போட வேண்டும்.

பூதப்பாண்டிக்கு பெஞ்சுகள் எங்கே போட வேண்டுமென்று சொல்லப் போனேன். ஆ.பி., தாசில்தார், அவருடைய மச்சினன், பந்தல்காரர்கள். வாசலுக்குள் பெண்கள். அத்தனை காது கிடைத்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுபது என்ன, நூறு பேர் வந்தாலும் விழுவார்கள், திருவனந்தபுரத்திலிருந்து வைடு லென்ஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

ஆ.பி. முகம் கறுத்தது. "என்ன லென்சுண்ணீரு?"

"வைடு லென்சு அண்ணாச்சி."

"வைடோவா?"

அவருடைய இங்கிலீஷ் முழுவதும் அஞ்சலாபீசில் படித்தது. காதால் கேட்டது ஒன்றுமில்லை. பட்டாளத்தில் செத்தவர்களின் மனைவிமார்க்கு மணியார்டர் வரும்போது பாரத்தில் எழுதியிருக்குமாம், விடோ இன்னார், விடோ இன்னார் என்று. எழுத்துக் கூட்டி அவர் அதை வைடோ என்றே வாசித்து, வைடோ என்றே கூப்பிட்டு, வைடோ என்றே பெருவிரல் ரேகை வாங்கியிருக்கிறார்.

தாசில்தாரின் மச்சினன் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். ஆ.பி. முற்றம் முழுவதுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வைடோண்ணா அறுதலி. மங்கள காரியத்துக்கு அறுதலி லென்சு கொண்டாந்திருக்காரு இவரு."

அடுக்களைக்குள் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. உருண்டு, சுற்றி, நிற்கும்வரை எல்லாரும் கேட்டோம்.

அகலம், அகலம் என்று சொல்லிப் பார்த்தேன். கையை விரித்துக் காட்டினேன். அஞ்சல் மாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியுமா, நின்றுகொண்டே உறங்குகிற படக்காரனுக்குத் தெரியுமா? ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை. என்னை அப்போதே விரட்டியிருப்பார். ஆவணி மாதம், வடசேரிக்காரனுக்கு 25ஆம் தேதி மூன்று கல்யாணம். வேறு ஆள் இல்லை. அந்தச் சனியனைக் கொண்டுவராதேயும், பழைய லென்ஸே போதும் என்றார். பழையதில் பன்னிரண்டு பேர்தான் விழுவார்கள், எந்தப் பன்னிரண்டு என்று அண்ணாச்சி சொல்லுங்க என்றேன். சம்பந்தியை நினைத்தார். தாசில்தாரை நினைத்தார். மச்சினனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது கோமதி தூணுக்குப் பின்னால் நின்றாள். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வார்த்தை நாள் முழுக்க வாய்க்குள் கிடக்கிறது. அவர் சொன்னது, நான் விழுங்கியது. நாகம்மை அதை எத்தனை வருஷமாக விழுங்குகிறாள்? துப்பினால் போகுமா என்று பார்த்தேன். கிராம்புதான் வந்தது.

ஆவணி 21, ஞாயிறு

நாவிதன் சவரம் செய்துகொண்டே கேட்டான்: "ஒங்களுக்க கிட்ட ஒரு லென்சு இருக்காமே? அது பாத்தா புருசன்மாரு நிக்க மாட்டாங்களாமே?" கத்தி தொண்டையில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

பொன்னம்மை நாகராஜா கோயிலிலிருந்து இன்னும் விரிவான தகவலோடு வந்தாள். அந்த லென்ஸுக்குச் சொந்தக்காரன் ஒரு துரை. அவன் மூன்று பெண்டாட்டி கட்டினான், மூன்று பேரையும் அதில் படம் எடுத்தான்... இல்லை, மூன்று துரைகள், ஒரே துரைச்சி. எது என்று கோயிலில் முடிவாகவில்லை.

"கேட்டேளா, அதுல என்னைய மட்டும் எடுத்துராதீங்க."

"பயமா?"

"எனக்கென்ன பயம்? போறது நீங்கதாம்லா."

ஆசாரி நாளைக்கு என்கிறான்.

ஆவணி 24, புதன்

வானம் மூட்டம். பல் வலி இடமிருந்து வலம் மாறியது.

பிளேட் 6. முக்காலி, ஒரு காலுக்குத் துணி சுற்றியாயிற்று. ஆசாரிக்குக் காய்ச்சல். கறுப்புத் துணியைப் பொன்னம்மை துவைத்தாள். வெள்ளம் நாலு முறை ரசம் நிறத்தில் வந்தது. இதற்குள்தான் இத்தனை வருஷம் மூச்சுவிட்டேன்.

நாளைக்குக் கிடைக்கப்போகிற பிரதமனை நினைத்தும் நாவில் ஊறவில்லை. அப்படியென்றால் உண்மையான பயம்தான்.

ஆவணி 25, வியாழன்

கல்யாணம். நல்ல வெயில். நல்ல காற்று. பந்தல் துணி அடித்துக்கொண்டே இருந்தது.

தாலி கட்டும்போது நாகம்மை அடுக்களைக்குள். கெட்டிமேளம் கேட்டதும் அவள் என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாருடைய முதுகும் அந்தப் பக்கம். தேங்காய் உடைக்க ஆள் வேண்டும் என்று மட்டும் இரண்டு தடவை அவளைக் கூப்பிட்டார்கள். அதற்குத் தோஷம் இல்லை போலும். அவள் உடைத்த தேங்காய், அவள் அரைத்த அரைப்பு, அவள் வடித்த சோறு, எல்லாம் மங்கள காரியத்துக்கு ஆகும். அவள் மட்டும் ஆகாது.

படத்துக்கு நேரம் வந்தது. பெட்டியைத் தொழுவத்தின் முன்னால் நிறுத்தினேன், எருமையின் மூச்சு என் முதுகில். லென்ஸின் மேல் கைக்குட்டையைப் போட்டிருந்தேன், மண் படுமே. அந்தக் கைக்குட்டைதான் வினை. மூடியிருப்பதைப் பார்த்ததும் முற்றத்தில் ஒரு முனகல் ஓடியது. பெஞ்சில் உட்கார வந்தவர்கள் நடை தளர்ந்தார்கள்.

முதலில் எழுந்தது தாசில்தார். அவருடைய மனைவி பின்னாலிருந்து மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள். பிறகு மச்சினன், தாகமாக இருக்கிறதென்று. சம்பந்தியம்மாள் தன் புருஷனைக் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போனாள். முப்பது வருஷத்தில் அவர்கள் கை பிடித்தது இன்றைக்குத்தான் இருக்கும். பெண்டாட்டிமார் புருஷன்மாரை இழுத்தார்கள், புருஷன்மார் இழுபடுவதற்கு முன்பே போனார்கள். எழுபது பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பெஞ்சும் பத்து நாற்காலியும் நடுவில் கோமதியும் மாப்பிள்ளையும்.

ஆ.பி. என்னிடம் வந்தார். காமிராவின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், பக்கவாட்டில் நண்டுபோல. "அந்த லென்சா வேய் அது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோமதியைப் பார்த்தேன். அவள் அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆ.பி.யைப் பார்த்தேன். அவர் மூக்கு நுனியில் பொடி கலந்த ஒரு துளி, விழவா வேண்டாமா என்று நின்றது.

"கம்பெனிக்காரன் வச்ச பேர நான் மாத்த முடியாதுல்லா அண்ணாச்சி" என்றேன்.

துளி விழுந்தது. மாப்பிள்ளையை அதன் முன்னால் நிறுத்தாதேயும் என்று சத்தம் போட்டார். மாப்பிள்ளை அதுவரை வாய் திறக்காத பையன். எழுந்து மரியாதையாகச் சொன்னான்:

"வைடுண்ணா அகலம், பெரியப்பா. வேற ஒண்ணும் இல்ல."

"அது பம்பாய் இங்கிலீசு" என்றார் ஆ.பி. பந்தலுக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தான். எழுந்து போகவில்லை. அது போதும், பெண்ணை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

காற்றில் பந்தல் துணி படபடத்தது. காலி நாற்காலிகள். எனக்கே வெட்கமாக இருந்தது. இப்படியொரு படத்தையா அந்தப் பெண் பம்பாய்க்குக் கொண்டுபோக வேண்டும்?

அப்போது அடுக்களை வாசலில் நாகம்மை வந்து நின்றாள். வாசலில் நின்றால் போதும் என்றுதான் நான் இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தேன். அவள் நிற்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இறங்கினாள். வெயிலில் முகம் தெரிந்தது. கோமதியின் கண்.

"நாகம்மை" என்றார் ஆ.பி., தலையை மட்டும் திருப்பி.

"இருக்கட்டும் அத்தான். இது எனக்க கிட்ட வந்து இனி எத எடுக்கப் போவுது?"

நடந்து வந்தாள். மகளுக்குப் பின்னால் நிற்கத்தான் போனாள். மாப்பிள்ளை எழுந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆ.பி. தனக்கென்று துண்டு போட்டு வைத்திருந்த நாற்காலி. துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் அடுக்களையிலிருந்து ஒருத்தி. பிறகு இரண்டு பேர். எல்லாம் வெள்ளை. மாவரைத்த கை, மஞ்சள் கை. இந்த வீட்டுக்குள் இத்தனை பேர் இருந்தார்களா? ஒரு கிழவர், பெண்டாட்டி போனவர், "அப்பம் எனக்கும் பயமில்ல" என்று வந்து ஓரத்தில் நின்றார். நாகஸ்வரக்காரரும் வந்தார்; அவர் பிரமச்சாரி.

கைக்குட்டையை எடுத்தேன். துணிக்குள் போனேன். சோப்பு மணம். கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாக, விளிம்புக்கு விளிம்பு நிறைந்து, ஒருவர்கூட வெளியே போகாமல். தூக்கம் வரவில்லை.

அசையாதீர்கள் என்றேன். எவரும் அசையவில்லை. எருமை மட்டும் என் வேட்டி நுனியைத் தின்றது.

ஆவணி 26, வெள்ளி

பிளேட் கழுவினேன். நன்றாக வந்திருக்கிறது. நெகட்டிவில் கோமதியைச் சுற்றிலும் கறுப்புச் சேலைகள். ஜன்னலில் பிடித்துக்கொண்டு நின்றேன். பொன்னம்மை வந்து பார்த்தாள். "கொள்ளாம்" என்றாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் என் நகத்தைச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிரதி போட்டு நானே பூதப்பாண்டிக்குக் கொண்டுபோனேன். கோமதி வாங்கிப் பார்த்தாள், முந்தானையால் பொதிந்து உள்ளே கொண்டுபோனாள். நாகம்மையின் குரல் கேட்டது: "பிள்ளைக்கு மூக்குத்தி சரிஞ்சு கெடக்கு. ஒருத்தனும் சொல்லல்லியே." தன்னைப் பற்றி ஒன்றுமில்லை.

கோமதி மாப்பிள்ளையோடு வாசல்வரை வந்தாள். மாமாவுக்க அந்த லென்ஸ் நல்லா இருக்கட்டும் என்றாள். நான் தலையை ஆட்டினேன். பெரிய மனுஷன்போல.

திரும்பும் வழியெல்லாம் பெருமை. எப்படித் திட்டம் போட்டேன், எப்படி ஒரு வார்த்தையில் எழுபது பேரை ஓட்டினேன், எப்படி ஒரு தாயை நடுவில் உட்கார வைத்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு மைல் போய்விட்டேன்.

ஆவணி 29, திங்கள்

அருவருப்புக்கு எல்லை உண்டு என்று நினைத்திருந்தேன்.

ஆ.பி. கடைக்கு வந்தார். சுற்றிலும் பார்த்தார். கதவைச் சாத்தினார். பம்பாய் வண்டி போய்விட்டது, படமும் போய்விட்டது, வீட்டுக்கும் தாசில்தாருக்கும் பிரதி வேண்டும் என்றார். சரி என்றேன். போகவில்லை. பொடி போட்டார்.

"வேய், அதுல என்னையும் ஒரு ஓரத்துல ஒட்ட முடியுமா?"

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். தன்னைத் தனியாக, நல்ல லென்ஸில், அந்த வைடோ அல்லாத லென்ஸில் எடுக்க வேண்டும். வெட்ட வேண்டும். கல்யாணப் படத்தில் வலது கைப் பக்கம் ஒட்ட வேண்டும். ஒட்டியதே தெரியாமல் திரும்பவும் படம் பிடித்துப் பிரதி போட வேண்டும். சம்பந்தி வீட்டில் நாளைக்கு யாராவது கேட்டால் பெரியப்பா இல்லாத கல்யாணமா என்று ஆகிவிடுமே.

அந்தப் படத்தில் பெரியப்பாவின் நாற்காலியில் நாகம்மை இருக்கிறாளே என்றேன்.

"பின்னால நிக்கலாமே" என்றார்.

நாகம்மைக்குப் பின்னால். அவரே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான், அதனால் எழுதி வைக்கிறேன்.

பித்தளைக் குழாயின் முன்னால் நிறுத்தினேன். இதுதானே பழசு, இதுதானே என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். கிட்டே வந்து குழாயைத் தட்டிப் பார்த்தார். நல்ல கனம், இதுதான் லென்ஸ் என்றார். மார்பை நிமிர்த்தினார். அசையவில்லை. படம் எடுத்தேன். வாங்கிய காசில் மூக்குப்பொடி நாற்றம்.

ஆவணி 31, புதன்

சாரல். பல்லைப் பிடுங்கியாயிற்று.

மாணிக்கம் ஆசாரிக்குக் காய்ச்சல் விட்டது. இன்றுதான் பலகையைக் கொண்டுவந்தான். ஓட்டை சரியாக இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து, கல்யாணத்தன்றும்கூட, தன் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராத வைடு லென்ஸை முதல் முறையாகக் காமிராவில் மாட்டிப் பார்த்தேன்.